ரெட்டைச்சடைக்கு இரண்டு அம்பு

அந்த வருஷம் என் மாமாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தியை நான் "அத்தை" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எனக்கு ஒரு டொபி மிட்டாய்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. டொபி என்றால் எவரையும் எதுவாகவும் கூப்பிடத் தயாராக இருந்த வயது. இருந்தாலும் நான் ஏமாளி இல்லை. முதல் நாளே பேரம் பேசினேன்.

"ஒரு தடவைக்கு ஒண்ணா, ஒரு நாளைக்கு ஒண்ணா?"

மாமா தலையைச் சொறிந்தார். "ஒரு தடவைக்கு ஒண்ணு. ஆனா நான் பக்கத்துல இருக்கணும். அவங்க காதுல விழணும். அக்கா காதுல விழக்கூடாது."

அக்கா என்று அவர் சொன்னது என் அம்மாவை. மாமா அம்மாவுக்குக் கடைசித் தம்பி. மடுல்சீமையிலிருந்து எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு வேலைக்கு வந்தவர், எங்களோடு ஒரே காம்பராவில் தங்கியிருந்தார். மகா கஞ்சன். பீடியைக்கூட அப்பாவின் பீடிக்கட்டிலிருந்துதான் உருவுவார். சந்திக் கடைப் பக்கம் அவர் தலை தெரிந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு டொபி எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். வாய் நிறைய டொபி இருக்கும்போது யாருக்கு யோசனை வருகிறது?

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரே அறை. பத்துக் குடும்பமும் பத்து இடத்திலிருந்து வந்தவை. ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் முறை சொல்லிக் கூப்பிடாத ஆளும் அங்கே இல்லை. அம்மா யாரை அண்ணே என்கிறாளோ அவர் எனக்கு மாமா. அப்பா யாரை அண்ணே என்கிறாரோ அவர் எனக்குப் பெரியப்பா. பக்கத்துக் காம்பராப் பெண், ரெட்டைச்சடை போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போகிறவள், அம்மாவை வாய் நிறைய அக்கா என்பாள், அம்மா அவளைத் தங்கச்சி என்பாள். ஆகவே எனக்கு அவள் சித்தி. பால்பல் முளைத்த நாளிலிருந்து சித்தி.

மாமாவுக்கு மட்டும் அவளைக் கூப்பிட ஒரு வார்த்தையும் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "இந்தா, யாரோ தண்ணி கேட்டாங்களாம்" என்பார். அவளும் கூரையைப் பார்த்து, "யாருக்காம்?" என்பாள். இரண்டு பேருக்கும் கண்ணில் ஏதோ கோளாறு என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த டொபி வியாபாரம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் சார்பு வந்து சேர்ந்தது.

தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் பசறைக்கு பஸ் ஏற வேண்டும். அப்போது புதுக் கணிதம் என்று ஒன்று நாடு முழுக்க வந்திருந்தது. எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த எங்களை உட்காரவைத்துத் தொடை என்று பெயர் வைத்த கூட்டம், சோடி, அம்புக்குறிப்படம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கணித மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பசறைக் குளிருக்குக் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டி, அதற்குள்ளிருந்து பேசுவார்.

கரும்பலகையில் அடைப்புக்குறி போட்டு உள்ளே இரண்டு பெயர் எழுதினார். இது வரிசைப்பட்ட சோடி என்றார். முதலில் இருப்பது முதலில்தான் இருக்க வேண்டும், பின்னால் இருப்பது பின்னால்தான். இப்படிப் பல சோடிகள் சேர்ந்த கூட்டத்தில், முதலில் நிற்கிற ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஒரு அம்புதான் புறப்பட வேண்டும். அப்படியிருந்தால் அது சார்பு. முதலில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஆட்சி. அம்புகள் போய்க் குத்துகிற இடங்கள் வீச்சு.

வகுப்பு மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் வகுப்பைப் பார்த்தார். எனக்கு மட்டும் பளிச்சென்று புரிந்துவிட்டது. காலையில் எங்கள் தோட்டத்துப் பெரட்டில் நடப்பது இதுதானே! கங்காணி பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவார். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு மலைக்கு அனுப்ப முடியாது. ஆனால் ஒரே மலைக்கு முப்பது பேரைத் தாராளமாக அனுப்பலாம். எழுந்து நின்று சொன்னேன். மாஸ்டரின் முகம் மஃப்ளருக்கு வெளியே மலர்ந்தது.

"கெட்டிக்காரி! அதேதான். அப்ப ஆட்சி ஆர்?"

"பெரட்டுக்கு வந்த ஆளுங்க, சேர்."

"வீச்சு?"

"அன்னைக்குக் கொழுந்து எடுக்குற மலைங்க, சேர்."

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கணக்காக அவர் சொன்னது இன்னும் பிடித்துவிட்டது: உங்களுக்குத் தெரிந்தவர்களையும் அவர்களை நீங்கள் கூப்பிடும் முறையையும் சோடிகளாக எழுதிவாருங்கள்.

லயம் முழுக்க எழுதினேன். பாதிப் பேருக்கு உண்மையான பெயர் என்னவென்றே எனக்குத் தெரியாது. அதனால் (எட்டாம் காம்பராக் கண்ணாடிக்காரர், பெரியப்பா), (மூன்றாம் காம்பராக் கோழிக்காரம்மா, அத்தை), (சந்திக் கடைக்காரர், மாமா) என்று அடையாளம் போட்டு எழுதினேன். முப்பத்தெட்டுப் பேர் தேறினார்கள். வீச்சை எண்ணிப் பார்த்தால் ஒன்பதே ஒன்பது வார்த்தை. முப்பத்தெட்டுப் பேரை ஒன்பது வார்த்தையில் அடக்கிவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை.

இடையில் பக்கத்துக் காம்பராவுக்கு வந்தபோது மட்டும் பென்சில் நின்றது. நான் பொய் எழுத மாட்டேன். (ரெட்டைச்சடை, சித்தி) என்று எழுதினேன். அதன் கீழே (ரெட்டைச்சடை, அத்தை) என்றும் எழுதினேன். டொபி வாங்கித் தின்றிருக்கிறேன், எழுதாமல் விடுவது நியாயமா?

மறுநாள் சிவப்பு மை கொட்டிக் கிடந்தது. அந்த இரண்டு சோடிகளையும் சுற்றி ஒரு பெரிய வட்டம்.

"உதென்ன பிள்ளை? ஒரு ஆளிட்ட இருந்து ரெண்டு அம்பு போகேலாது. இது சார்பில்லை."

"நான் ரெண்டு மாதிரியும் கூப்பிடுறேனே, சேர்."

அவர் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவையெல்லாம் உம்மட சொந்தக்காரரோ?"

"இல்ல சேர். லயத்து ஆளுங்க."

"ஊரையெல்லாம் ஆட்சிக்குள்ள இழுத்தால் இப்பிடித்தான். சொந்தக்காரரை மட்டும் எடுத்துத் திருப்பி எழுதும்."

அடுத்த பக்கத்தில் எழுதினேன். "ஆட்சி: எங்கள் சொந்தக்காரர்" என்று மேலே தலைப்பு. பதினான்கு பேர். யாருக்கும் இரண்டு அம்பு இல்லை. அப்பா எட்டிப் பார்த்து, "மூத்தவர மொதல்ல எழுது" என்றதால் மடுல்சீமைத் தாத்தாவை முதலில் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு மாஸ்டர் 'மிக நன்று' எழுதினார்.

மடுல்சீமைத் தாத்தா அம்மாவுக்குப் பெரியப்பா. அம்மாவின் அப்பா இல்லாததால் எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் கை வைத்துத் தட்டு மாற்றாமல் அம்மா வழியில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. முறை விஷயத்தில் நெருப்பு. யாரோ ஒருவர் முறை தவறிப் பெண் எடுத்தார் என்று, பதினெட்டு வருஷமாக அவர் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடாதவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரப்போகிறார் என்றார்கள். மாமாவுக்குப் பெண் பேசப் போகிறார்களாம். பெண் யார் என்று கேட்டேன். அம்மா சுவரைக் காட்டினாள். சுவருக்கு அந்தப்பக்கம் சித்தி!

"இன்னைக்கு மட்டும் அவள சித்தின்னு சொன்ன, நாக்க இழுத்து வச்சு நறுக்கிப்புடுவேன்" என்றாள் அம்மா. "ஒங்க மாமா இவ இல்லாட்டி வேற எவளும் வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். பெரியப்பா காதுல விழுந்துச்சு, எல்லாம் கெட்டுச்சு."

எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாமா மேட்டு லயத்துச் சவரக்காரரிடம் போய்க் கன்னத்தில் இரண்டு வெட்டுக் காயத்தோடு திரும்பி, நாலு தரம் சட்டை மாற்றியதைப் பார்த்ததும் எனக்கே பாவமாகப் போய்விட்டது. மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

தாத்தா வந்தார். பசறையில் பஸ் மாறி, சந்தியில் இறங்கி, மூன்று மைல் மேடு ஏறி வந்த அசதி முகத்தில் தெரிந்தது. கூட இரண்டு பேர் வெற்றிலை, பழம், தேங்காய்த் தட்டோடு வந்தார்கள். பரிசச் சேலைப் பார்சலைச் சந்திக் கடைக்காரரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் முஸ்லிம். ஊரில் பெரியவர்கள் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். எங்கள் அம்மா மட்டும் அண்ணே என்பாள். அதனால் அவர் எனக்கு மாமா.

பக்கத்துக் காம்பராவில் பாய் விரித்து, லயத்து ஆட்களும் சேர்ந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். சித்தி உள்ளே, சேலைத் திரைக்குப் பின்னால். திரைக்கடியில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. மாமா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தேநீர் குடித்த தாத்தாவுக்கு மனசு குளிர்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"தாயி, பசறைக்குப் போயி என்னா படிக்கிற?"

"வரிசைப்பட்ட சோடி, தாத்தா."

"அப்புடின்னா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்! ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. "நல்லா சத்தமா வாசி, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். அம்மா பின்னாலிருந்து இருமினாள். பெருமை காதை அடைத்துவிட்டால் இருமல் கேட்குமா?

பள்ளிக்கூடத்து ராகத்தில் வாசித்தேன். எட்டாம் காம்பராக் கண்ணாடிக்காரர், பெரியப்பா. கோழிக்காரம்மா, அத்தை. ஆட்கள் சிரித்தார்கள். தாத்தா தொடையில் தட்டினார். ராகம் ஓடுகிற வேகத்தில் "ரெட்டைச்சடை, சித்தி! ரெட்டைச்சடை, அத்தை!" என்றும் வாசித்துவிட்டேன்.

சிரிப்பு நின்றது. தாத்தாவின் கை என் தோளிலிருந்து எழும்பியது.

"ரெட்டச்சட யாரு?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். திரைக்கடியிலிருந்த பாதம் பின்னால் நகர்ந்தது. அதுவே போதுமாக இருந்தது அவருக்கு.

"சித்தின்னா ஒங்க ஆத்தாளுக்குத் தங்கச்சி. அவளுக்குத் தங்கச்சின்னா இவனுக்கும் தங்கச்சி. தங்கச்சிய கட்டிவைக்கவா என்னய மல ஏத்திக் கூட்டியாந்தீங்க?" தோளில் இருந்த துண்டை உதறி எழுந்தார். "எடுங்கடா தட்ட."

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சவர வெட்டு இரண்டும்தான் சிவப்பாகத் தெரிந்தன. சித்தியின் அப்பாவும் எழுந்துவிட்டார். "எம் மக ஒண்ணும் மலிஞ்சு கெடக்கல. போறவங்க போகலாம்." அம்மா தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்க்கு வந்தத கூப்பிடுறதுதானேங்க பெரியப்பா" என்று கெஞ்சினாள். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். ஒரு வாசிப்பில் மாமாவின் கல்யாணத்தையே தின்றுவிட்டேன்.

அப்போது சேலைப் பார்சலோடு மூலையில் இருந்த கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அழாதீங்க மகள். அதுல என் பேரும் இருக்கா?"

விசும்பிக்கொண்டே தேடினேன். "இருக்கு. சந்திக் கடைக்காரர், மாமா."

"ஏன் நான் மாமா?"

"அம்மா ஒங்கள அண்ணேன்னு கூப்பிடுறாங்க."

"ஆ! அப்ப ஒங்க உம்மாக்கு நான் அண்ணன்." அவர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, தாத்தாவுக்கு முன்னால் போய் நின்றார். "அப்புடின்னா நான் ஒங்களுக்கு மகன். இவ்வளவு காலமா தெரியாமப் போச்சே. வாப்பா! ஸலாம், வாப்பா!"

முதலில் கோழிக்காரம்மாதான் களுக்கென்றாள். பிறகு காம்பராவே குலுங்கியது. தாத்தா மட்டும் விறைப்பாக நின்றார்.

"ஏய் நானா, அது சும்மா மரியாதைக்குக் கூப்பிடுறது."

"அவ சித்திங்கிறதும் அதுதானே பெரியவர்? நான் மகன் இல்லேண்டா அவவும் தங்கச்சி இல்ல. அவ தங்கச்சிண்டா நான் இன்னைக்கி மடுல்சீமைக்கு ஒங்களோட வாறன். ரெண்டுல ஒண்டு சொல்லுங்க."

தாத்தாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்குச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. பக்கத்தைப் புரட்டினேன்.

"தாத்தா! சேரும் இதத்தான் தப்புன்னு சொன்னாரு. ஊரையெல்லாம் ஆட்சிக்குள்ள இழுக்கக் கூடாதாம். சொந்தக்காரங்கள மட்டும் எழுதணுமாம். சரியானது இந்தப் பக்கத்துல இருக்கு."

"யாரு சொன்னது?"

"யாழ்ப்பாணத்து சேர்."

யாழ்ப்பாணத்துப் படிப்பின்மேல் தாத்தாவுக்கு ஒரு மரியாதை, யாழ்ப்பாணத்து சேர் என்றதும் கொஞ்சம் தணிந்தார். "அந்தப் பக்கத்துல இந்தப் புள்ள இருக்கா?"

பதினான்கு வரியிலும் விரலை ஓட்டினேன். "இல்ல தாத்தா."

"நல்லாப் பாரு."

மறுபடியும் ஓட்டினேன். "இல்ல."

"இந்த நானா?"

"அவரும் இல்ல."

"நான்?"

"நீங்கதான் மொத ஆளு!"

தாத்தா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மெதுவாக உட்கார்ந்தார். தனக்குப் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டி, "ஒக்காரு மகனே" என்றார் கடைக்காரரிடம். அதற்குப் பிறகு அங்கே எழுந்த சிரிப்பு மேட்டு லயம் வரை கேட்டிருக்கும். சித்தியின் அப்பாவும் மீசைக்குள் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

தட்டு மாறுவதற்கு முன் தாத்தா என்னிடம் பென்சிலை எடுக்கச் சொன்னார். "இப்ப எழுது தாயி, அந்த நல்ல பக்கத்துல. பதினஞ்சாவது ஆளா. அத்தைன்னு எழுது." எல்லோரும் பார்த்திருக்க, நான் கோணாமல் எழுதினேன்: (ரெட்டைச்சடை, அத்தை). திரைக்கடியிலிருந்த பாதம் திரும்ப முன்னால் வந்திருந்தது. மாமா கதவு நிலையை விட்டுவிட்டு வெளியே போய், மூன்று நாள் பட்டினி கிடந்தவர்போல ஒரு செம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தார்.

சாயங்காலம் எல்லோரும் தாத்தாவைச் சந்தி வரை வழியனுப்பப் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு வேறு கவலை. பக்கத்துக் காம்பராவுக்குப் போய்ப் புது அத்தையிடம் முறையிட்டேன்.

"இனிமே ஒங்கள அத்தைன்னு கூப்பிட்டா மாமா டொபி தர மாட்டாருல்ல?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடியே, ஒரு தடவைக்கு எத்தன குடுத்தாரு?"

"ஒண்ணு."

சிரிப்பு நின்றது. "ஒண்ணா? ரெண்டு ரெண்டாக் குடுத்தேன்டி நான்! அந்தக் கடைக்கார நானாகிட்ட எத்தன பொய் சொல்லி வாங்கியாந்தேன்!"

என் தலை சுற்றியது. டொபியெல்லாம் இவள் வாங்கியதா? தன்னை அத்தை என்று கூப்பிட இவளே காசு போட்டு வாங்கி, சுவரைப் பார்த்துப் பேசுகிற மனுஷன் கையில் கொடுத்து, அவர் அதை என்னிடம் கொடுத்து... அது ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்குச் சேரவேண்டிய டொபியில் பாதி எங்கே?

"தின்னுட்டாரு! திருட்டு மாமா!" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் எங்கள் காம்பராவுக்கு ஓடினோம். மாமாவின் தகரப் பெட்டியைத் திறந்து சட்டைகளை அள்ளி வெளியே போட்டோம். அடியில் ஒரு தேயிலை டின். மூடியைத் திறந்தால் உள்ளே டொபி! ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மேலே புதியது, கீழே போகப் போகப் பழையது. பழையவை காகிதத்தோடு உருகி ஒன்றோடொன்று ஒட்டி, அதற்குள் எறும்பு புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "பாத்தீங்களா? தானும் தின்னல, எனக்கும் குடுக்கல! பூராவும் எறும்புக்கு!"

அவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எறும்பு கையில் ஏறியதைக்கூடத் தட்டிவிடவில்லை. கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வாய் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தது.

மேலாக இருந்த நல்ல டொபி நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். இவ்வளவு டொபியை வீணாக்கியிருக்கிறார், ஒரு வார்த்தை திட்டாமல் உட்கார்ந்திருக்கிறாளே, இந்த மனுஷனோடு இவள் எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறாள் என்று எனக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது.